நாற்பத்தொன்பதைக் கொட்டிய சனிக்கிழமை

பின்னறைக்குப் புதிதாக வந்திருக்கும் தங்கைகள் இருவருக்கும்,

நான் இந்தத் துவக்குக் கடையை விட்டுப் போக இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன. கண்டியில் ஒரு மருந்துக்கடையில் தராசு வேலை கிடைத்திருக்கிறது. அங்கேயும் நிறுக்க வேண்டும், அங்கேயும் பிழை விட்டால் ஆள் போய்விடும். வெடிச் சத்தம் மட்டும் வராது. இருபத்தேழு வயதில் ஓய்வு பெற்ற கிழவி மாதிரி அறிவுரை சொல்ல வந்துவிட்டாள் என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். அறைக்கு வெளியே நின்று சிரியுங்கள்.

அறைச் சுவரில் கரியால் எழுதிய வரிகளைப் பார்த்திருப்பீர்கள். முதல் மூன்றையும் எழுதியது யார் என்று முதலாளிக்கே தெரியாது. அவருடைய வாப்பா கடையை வாங்கியபோதே அவை சுவரில் இருந்தனவாம். நெருப்போடு வராதே. பேச்சு வந்தால் கொட்டு. நிரப்பியவர் கையெழுத்து வை. எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக் கொடுத்தது அந்தச் சுவர்தான். அவற்றுக்குக் கீழே, வேறு கையால் எழுதிய நாலாவது வரியைப் பார்த்து நேற்று நீங்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததைக் கவனித்தேன். அதை எழுதியவள் நான். எழுத வேண்டி வந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் இங்கே வந்தது திறமையால் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். தோட்டா இறக்குமதிக்கு அனுமதி கிடைக்காமல் போன காலம் அது. நாவுல, பல்லேபொலப் பக்கத்து விவசாயிகள் அரசாங்கக் கச்சேரியில் அனுமதிப் பத்திரம் எடுத்துத் துவக்கு வைத்திருந்தார்கள். சுடத் தோட்டா இல்லை. இந்தச் செய்தி எப்படியோ காட்டுப் பன்றிகளுக்கும் தெரிந்துவிட்டது. சுட்டு முடித்த வெறும் கோதுகளைக் கொண்டு வந்தால் மறுபடி நிரப்பிக் கொடுக்க எங்கள் முதலாளிக்கு அனுமதி இருந்தது. நிரப்ப ஆள் இல்லை. பீடி குடிக்காத, வெற்றிலை போடாத, வாயை மூடிக்கொண்டு இருக்கக்கூடிய ஆள் ஒருவரை அவர் மாத்தளை டவுன் முழுக்கத் தேடினார். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த ஆண்பிள்ளை அகப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படித்து, தராசு பிடிக்கத் தெரிந்த நான் அகப்பட்டேன்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் எங்கே கையெழுத்துக் கேட்டாலும் பெருவிரலைத்தான் நீட்டுவார்கள். நான் நிரப்பிய ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ‘நிரப்பியது: மு. பாக்கியம்’ என்று ஒரு துண்டுக் காகிதம் போனது. வில்கமுவப் பக்கம் நான் இன்றுவரை போனதில்லை. என் கையெழுத்து எத்தனையோ தடவை போயிருக்கிறது. அதில் எனக்குக் கர்வம் உண்டு. இந்த வேலைக்குக் கொஞ்சம் கர்வம் வேண்டும்.

எவ்வளவு வெடிமருந்து, எப்படி அழுத்துவது என்பதெல்லாம் நோட்டில் இருக்கிறது. அதை இங்கே எழுதப் போவதில்லை. சுவரின் இரண்டாவது வரியை மட்டும் விளக்குகிறேன். மரத்தட்டில் கோதுகளை வரிசையாக நிறுத்தி ஒவ்வொன்றாக மருந்து ஊற்றிக்கொண்டு போகிறோம். இடையில் யாராவது பேசினால் காது அந்தப் பக்கம் போகும். கை எந்தக் கோதில் நின்றது என்பது மறந்துபோகும். ஒன்றுக்குள் இரண்டு தடவை ஊற்றிவிடலாம், ஒன்றை வெறுமனே விட்டுவிடலாம். ஆகவே பேச்சுக் குரல் கேட்டால், தட்டில் உள்ள அத்தனையையும் திரும்பக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இன்னார் பேசினால் பரவாயில்லை என்று சுவரில் எழுதவில்லை.

இனித் துரையின் கதை.

என் அப்பா முத்தையா எங்கள் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பங்களாவில் பூச்செடிகளைப் பார்த்துக்கொள்பவர். ஒரு திங்கட்கிழமை அந்தத் துரையே கடைக்கு வந்தார். தோல் உறையிலிருந்து ஒரு ரிவோல்வரை எடுத்து மேசையில் வைத்தபோது மேசையே கொஞ்சம் தாழ்ந்த மாதிரி இருந்தது. மேக்னம், உதைப்பு அதிகம் என்றார். ஊருக்குத் திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரை இவருக்குக் கொடுத்துவிட்டுப் போனதாம். பத்திரம் சரியாக இருந்தது. ஐம்பது வெறும் கோதுகளும் இருந்தன. குண்டு ஒன்றுகூட இல்லை.

“சனிக்கிழமை கொழும்பிலேருந்து கம்பெனி டைரக்டர் வர்றாரு,” என்றார் துரை. “அவருக்கு முன்னால பன்னி சுடணும்.”

“துவக்கால சுடலாமே தொரை?” என்றார் முதலாளி.

துரை தொண்டையைச் செருமினார். தோட்டத்துப் பன்றிகளையெல்லாம் தாமே ரிவோல்வரால் சுட்டு அடக்கி வைத்திருப்பதாக இரண்டு வருடமாக டைரக்டருக்குக் கடிதம் எழுதி வந்திருக்கிறார். டைரக்டர் அதை நம்பிவிட்டார். நம்பியதோடு நிற்காமல் பார்க்கவும் வருகிறார்.

“வெறும் ஈயக் குண்டு வேணாம். குழல்ல ஈயம் ஒட்டிக்கும். செம்பு முலாம் போட்ட குண்டு வேணும்,” என்று ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையை விரித்துக் காட்டினார். படத்தில் குண்டுகள் நகைக்கடைச் சாமான் மாதிரி மின்னின.

மாத்தளையில் முலாம் என்றால் இஸ்மாயில் நானாதான். கல்யாணத் தட்டு, பள்ளிக்கூடக் கோப்பை, மூக்குக் கண்ணாடிச் சட்டம், எல்லாவற்றுக்கும் அவர்தான். ஈயத்தில் வார்த்த குண்டுகளை அவரிடம் அனுப்பினோம். மறுநாள் அவரே பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. ஒன்றுகூடக் கோதுக்குள் நுழையவில்லை.

“கொஞ்சம் தடிப்பாத்தான் போட்டேன்,” என்றார் நானா. “கல்யாண ஊட்டுச் சாமான் மாதிரி. மூணு தலைமுறைக்கு உரியாது.”

“இது ஒரு தரம்தான் நானா பாவிக்கிறது,” என்றேன்.

“ஒரு தரமா?” அவர் குண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். “அதுக்குப் பொறகு?”

“பன்னிக்குள்ள போயிடும்.”

நானா குண்டைத் திரும்பப் பட்டுத்துணியில் சுற்றினார். முலாமைக் குறைத்து மறுபடி போட ஒத்துக்கொண்டார். ஆனால் குண்டின் பாதி கோதுக்குள் மறைந்துவிடும் என்று நான் செய்து காட்டியபோது, தெரியாத பாதிக்கு எதற்குத் தம்மிடம் முலாம் போடச் சொன்னோம் என்று முதலாளியோடு சண்டை பிடித்துவிட்டுத்தான் போனார்.

இப்போது என் பிழையைச் சொல்கிறேன். கேட்டுக்கொள்ளுங்கள்.

புதன்கிழமை, நானா முதலில் மெருகேற்றித் தந்த ஆறு குண்டுகளை வைத்து ஆறு தோட்டாக்கள் நிரப்பினேன். கடைசியில் கோதின் வாயைக் குண்டைச் சுற்றி இறுக்கி மூட வேண்டும். இறுக்கினால் முலாமில் கோடு விழும். அந்தச் செம்பு நிறத்தைப் பார்த்தபோது எனக்குக் கை வரவில்லை. பூவைத் தொடுவது போல மெதுவாக மூடினேன். கல் உடைக்கும் பள்ளத்தில் துரை சோதித்துப் பார்த்தார். இரண்டு தடவை வெடித்தது. மூன்றாவது தடவை விசை அசையவில்லை, தோட்டா வைக்கும் சக்கரம் சுழலவில்லை. பிடித்து இழுத்து, அடித்து, கடைசியில் இறைச்சிக் கடையிலிருந்து இரவல் வாங்கிய மரக்கட்டையால் தட்டித் திறந்தபோது, மிச்சம் நாலு குண்டுகளும் கோதுகளிலிருந்து கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. மேக்னத்தின் உதைப்பில், தளர்வாக மூடிய குண்டுகள் முன்னால் நகர்ந்து சக்கரத்தைத் தடுத்திருக்கின்றன.

“முலாம்ல ஏதோ கோளாறு,” என்றார் துரை.

“என்ட முலாமிலயா?” என்றார் நானா. அவர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

“முலாம் சரிங்க தொரை. நான்தான் இறுக்கல,” என்றேன். “கோடு விழுந்துடுமேன்னு பாத்தேன்.”

துரை என்னை ஒரு பார்வை பார்த்தார். டைரக்டருக்கு முன்னால் இப்படிச் சிக்கிக்கொண்டால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தப் பார்வை கேட்டது. பொருள் அழகாக இருந்தால் நம் கை இளகிவிடும். இளகிய கையை மருந்துக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். வியாழக்கிழமை சரியாக இறுக்கி மூடிய தோட்டாக்களைச் சோதித்தோம். சக்கரம் சுழன்றது. முலாமில் விழுந்த வளையத்தைப் பார்க்க மாட்டேன் என்று நானா ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றார்.

மிச்சக் குண்டுகளுக்கு முலாம் முடிந்தது வெள்ளி மாலை. ஆகவே ஐம்பதையும் சனிக்கிழமை காலையில் நிரப்ப வேண்டியிருந்தது. பகல் சாப்பாட்டுக்கு டைரக்டர் பங்களாவில் இருப்பார். அதற்குள் துரை பெட்டியோடு மலை ஏறியாக வேண்டும்.

அன்று கடைத்தெருவே எனக்காக மௌனம் காத்தது. பக்கத்துத் தேநீர்க் கடையில் ஆற்றுவதைக்கூட ஓசைப்படாமல் ஆற்றினார்கள். பதினோராவது கோதில் இருந்தபோது கதவு மெல்லத் திறந்தது. முதலாளி தலையை நீட்டினார்.

“புள்ள, ஒருத்தரும் பேசக் கூடாதுன்னு எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கேன்,” என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். சுவரைப் பார்த்தேன். தட்டை எடுத்துக் கொட்டினேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

இருபத்தாறில் நின்றபோது ஜன்னல் பக்கத்திலிருந்து நானாவின் குரல் ரகசியமாக வந்தது. “மகள், நகம் படாமப் புடிங்க.” கொட்டினேன்.

இதற்குள் துரையின் ஜீப் வந்து வாசலில் நின்றது. நடந்ததைக் கேள்விப்பட்ட துரை, சாமான் தூக்கக் கூட்டி வந்திருந்த என் அப்பாவைப் பின்னறைக் கதவில் காவலுக்கு நிறுத்தினார். “முத்தையா, ஒருத்தன் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா நீதான் பொறுப்பு,” என்று அவர் சொன்னது உள்ளே எனக்கும் கேட்டது. அப்போது தட்டு வெறுமையாக இருந்ததால் அதனால் சேதம் இல்லை.

அப்பா அதற்கு முன் என்னை வேலை செய்யும் இடத்தில் பார்த்ததில்லை. கதவு இடுக்கு வழியாக என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். விடியும் முன் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தவள் நான். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. முப்பது, நாற்பது தாண்டியது. நாற்பத்தொன்பதாவது கோதுக்கு ஊற்றிவிட்டு, ஐம்பதாவதைப் பார்த்தேன். கை லேசாக நடுங்கியது. அது அப்பாவின் கண்ணில் பட்டுவிட்டது.

“சாப்டியா ஆயி?” என்றார்.

கடைத்தெரு முழுவதற்கும் அது கேட்டிருக்க வேண்டும். அத்தனை அமைதி. அப்பா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். நான் தட்டைக் கையில் எடுத்தேன்.

“கொட்டாத,” என்று துரை உள்ளே வந்துவிட்டார். “ஒண்ணுதான் பாக்கி. கொட்டாத பொண்ணு.”

“பேச்சு வந்துருச்சுங்க தொரை.”

“உங்கப்பன் பேசினது ஒரு பேச்சா?”

“அப்பா பேசினாலும் பேச்சு பேச்சுதாங்க.”

“எந்தக் கோதுல நின்னேன்னு உனக்குத் தெரியும்தானே?”

“தெரியுங்க. தெரியும்னு நெனைக்கிறேன். நெனைக்கிறதுக்குக் கையெழுத்துப் போட மாட்டேங்க.”

துரை முதலாளியைப் பார்த்தார். முதலாளி கூரையைப் பார்த்தார். பிறகு துரை அப்பாவின் பக்கம் திரும்பினார். “முத்தையா, ஒன் மகள் இதக் கொட்டினா திங்கக்கெழமை நீ பங்களாப் பக்கம் வர வேணாம். காடு வெட்ற கூட்டத்துல போய் நில்லு.”

அப்பாவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. ஒரு முழங்கால் மடங்காது. காடு வெட்டப் போனால் அந்த மாதமே படுத்துவிடுவார். அவர் என்னைப் பார்த்தார். கொட்டு என்றும் சொல்லவில்லை, கொட்டாதே என்றும் சொல்லவில்லை. வாயைப் பொத்திய கையை எடுக்கவே இல்லை.

தங்கைகளே, அந்த நேரத்தில் நான் அப்பாவின் முழங்காலையும் நினைத்தேன், துரையின் வலது கையையும் நினைத்தேன். ஒரு கோதில் இரண்டு பங்கு மருந்து இருந்தால், அந்தக் கையில் ரிவோல்வர் பிளந்துவிடும். பக்கத்தில் தொப்பியோடு டைரக்டர் நிற்பார். அவர்களுக்குப் பின்னால், சாமான் தூக்கிக்கொண்டு, அப்பாவும் நிற்பார்.

கொட்டினேன். நாற்பத்தொன்பதையும் ஒவ்வொன்றாகத் தராசில் நிறுத்துக் கொட்டினேன். துரை குனிந்து ஒவ்வொன்றையும் பார்த்தார். நாற்பத்தொன்பதும் மிகச் சரியாக இருந்தன.

“பாத்தியா,” என்றார் துரை. அழுதுவிடுவார் போலிருந்தது. “எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு.”

“இருந்துச்சுங்க. கொட்டினப்பொறகுதானே தெரிஞ்சுது.”

மணி பதினொன்று தாண்டிவிட்டது. ஐம்பதுக்கு நேரம் இல்லை.

“சக்கரத்துல ஆறுதானே தொரை புடிக்கும்,” என்றேன். “ஆறு நிரப்பித் தாறேன். அந்த ஆறுக்கும் நான் பொறுப்பு.”

துரை ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சுவர் கண்ணில் பட்டது. தலையை மட்டும் ஆட்டினார்.

வெளியே போக யாருக்கும் மனம் வரவில்லை. துரை, முதலாளி, உள்ளே வந்துவிட்ட நானா, அப்பா, நாலு பேரும் சுவரோடு வரிசையாக, தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்பது போல நின்றார்கள். நான் ஊற்றத் தொடங்கினேன். நாலாவது கோதில் இருந்தபோது துரை தும்மினார்.

என் கை நின்றது. நானா, தும்மியவருக்கு வாழ்த்துச் சொல்லும் பழக்கதோஷத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். முதலாளி தன் தொப்பியைக் கழற்றி அவர் வாயில் அழுத்தினார். தும்மல் பேச்சாகுமா என்று நான் சுவரைப் பார்த்து யோசித்தேன். மூன்று வரிகளையும் இரண்டு தடவை படித்தேன். துரையின் நெற்றியில் வியர்வை வழிந்தது. அர்த்தம் இல்லாத சத்தத்துக்கு என் காது போகவில்லை, கண் கோதை விட்டு எடுபடவில்லை, கை நின்ற இடம் எனக்குத் தெரியும். நினைக்கவில்லை, தெரியும். தொடர்ந்து ஊற்றினேன். பிறகு ஆறு குண்டுகளையும் வைத்து, கோடு விழ விழ இறுக்கி மூடினேன். துண்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். துரை பெட்டியை வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். அப்பா பின்னால் ஏறினார்.

அன்று பின்னேரம் நான் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போனபோது அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார்.

“என்னாச்சுப்பா?” என்றேன்.

வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினார். காலையிலிருந்து அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று அம்மா சொன்னாள்.

“இங்க பேசலாம்பா. இங்க மருந்து இல்ல.”

அதன் பிறகுதான் சொன்னார். பெரட்டுக் களத்துக்குக் கீழே, கொக்கோ மரங்களின் ஓரத்தில், பட்டப்பகலில் ஒரு பன்றி தானாகவே வந்து நின்றதாம். துரை ஆறு தடவை சுட்டாராம். சக்கரம் அழகாகச் சுழன்று, ஆறும் ஒழுங்காக வெடித்தனவாம். பன்றிக்கு ஒன்றும் படவில்லை. ஆறாவது சத்தத்துக்குப் பிறகுதான் அது திரும்பி நடந்து போனதாம். வெடிப்பது என் வேலை. படுவது துரையின் வேலை.

“அப்புறம்?”

“இன்னும் சுடுங்கன்னாரு டைரக்டரு. தொரை பொட்டியத் தொறந்து காட்டினாரு. ஒன் காயிதம் மட்டும்தான் கெடந்துச்சு. இம்போர்ட் இல்ல, ஆறுதான் கெடச்சிச்சு, இன்னும் ரெண்டு இருந்தா வுழுந்திருக்கும்னாரு. டைரக்டரு நம்பிட்டாரு. அதுக்கப்புறம் அரமணி நேரம் ரெண்டு பேரும் கவுர்மெண்ட ஏசினாங்க.”

ஐம்பது தோட்டா இருந்திருந்தால் துரை ஐம்பது தடவை தவறவிட்டிருப்பார். அது அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும்.

“ஒங்க வேல?”

“டைரக்டர் எங்கிட்டயும் என்னமோ கேட்டாரு. நான் வாயத் தொறக்கல. நல்ல ஒழுக்கமான ஆளுன்னு தொரைகிட்ட சொன்னாராம். தொரையும் திங்கக்கெழமை ரோசாவுக்குத் தண்ணி ஊத்தச் சொல்லிட்டாரு.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நாப்பத்தொம்பதும் சரியாத்தானே இருந்துச்சு ஆயி?”

“ஆமாப்பா.”

“சரியா இருக்கும்னு ஒனக்குத் தெரியாது.”

“தெரியாது.”

“அப்ப கொட்டத்தான் வேணும்,” என்றார். துரைக்குப் புரியாதது அவருக்கு ஒரே தடவையில் புரிந்தது. எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு, எதையோ மறந்தவர் போலத் திரும்பினார்.

“சரி. சாப்டியா?”

அப்போதும் நான் சாப்பிட்டிருக்கவில்லை.

திங்கட்கிழமை கடை திறந்ததும், கரித்துண்டை எடுத்து அந்த மூன்று வரிகளுக்குக் கீழே நாலாவதை எழுதினேன். நீங்கள் சிரித்த வரி அதுதான்: சாப்பிட்டுவிட்டு வா.